விசுவாசியும் குடிமகனும்: சுதந்திர தினத்திலும் தேர்தல் நேரத்திலும் சபையில் எழும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கத்துச் சபை ஒன்றில் வாலிபர் கூடுகையையும் வேதபாட வகுப்பையும் நடத்திவருகிறேன். ஆகஸ்ட் மாதம் பிறந்தாலும், தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டாலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆராதனை முடிந்து வாசலில் நின்று கேட்பவர்களும் உண்டு, இரவில் போன் செய்து கேட்பவர்களும் உண்டு. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். நான் போதகர் அல்ல, சபையின் ஓர் அங்கத்தினர் மட்டுமே.

அரசியல் ஒரு சாக்கடை. விசுவாசிக்கு அதில் என்ன வேலை? நம்முடைய குடியிருப்பு பரலோகத்தில்தானே இருக்கிறது?

"நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது" என்று பவுல் எழுதியது பிலிப்பியருக்கு. பிலிப்பி ஒரு ரோமக் குடியேற்றப் பட்டணம். ரோமக் குடியுரிமையைப் பெருமையாக நினைத்த ஊர். அதே ஊரில் பவுல் என்ன செய்தார் என்று அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டவர்கள், மறுநாள் காலையில் அவரையும் சீலாவையும் சத்தமில்லாமல் அனுப்பிவிடப் பார்த்தார்கள். அவர் போக மறுத்தார். ரோமர்களான எங்களை வெளியரங்கமாக அடித்தீர்கள், இப்போது இரகசியமாக அனுப்புவீர்களோ, அதிகாரிகளே வந்து எங்களை அழைத்துப் போகட்டும் என்றார்.

அடி வாங்கியாகிவிட்டது. காயமும் ஆறப்போவதில்லை. அப்படியிருந்தும் அவர் உரிமையைப் பேசியது, தான் போன பிறகு அந்த ஊரில் தங்கப்போகிற சின்னஞ்சிறு சபைக்காகத்தான் என்று நான் வாசிக்கிறேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கும் எரேமியா இதைத்தான் எழுதினார்: அந்தப் "பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள்." பிடித்துக்கொண்டு போன ஊருக்கே அப்படியென்றால், பிறந்து வளர்ந்து ரேஷன் கார்டு வைத்திருக்கிற ஊருக்கு எவ்வளவு செய்ய வேண்டும்?

வேதம் சொல்கிற விடுதலை பாவத்திலிருந்து விடுதலை. அதற்கும் தேச சுதந்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு, இரண்டும் ஒன்றல்ல. யாத்திராகமத்தில் தேவன் கேட்டது செங்கல் அறுத்த அடிமைகளின் கூக்குரலை. ஆத்துமாவை மட்டும் இரட்சித்துவிட்டு அவர்களைச் சூளையிலேயே அவர் விட்டுவிடவில்லை. வெளியே வந்ததும் அவர்களுக்குக் கொடுத்த சட்டத்தில் வேலைக்காரனுக்கு ஓய்வுநாள், ஏழைக்கும் பரதேசிக்கும் வயல் ஓரத்துக் கதிர், அந்நியனை ஒடுக்காதே என்ற கட்டளை எல்லாம் இருக்கின்றன. விடுதலையானவன் இன்னொருவனை எப்படி நடத்துகிறான் என்பதில்தான் அந்தச் சட்டத்தின் கண் இருக்கிறது.

கலாத்தியர் 5:13-உம் அதே வழியில் போகிறது: "இந்தச் சுயாதீனத்தை நீங்கள் மாம்சத்திற்கேதுவாக அநுசரியாமல், அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்." அதே நேரத்தில் எந்த நாட்டையும், நம் நாட்டையும் சேர்த்து, தேவனுடைய ராஜ்யம் என்று கும்பிட்டுவிடக் கூடாது. தேசத்தை நேசிப்பது வேறு, தேசத்தை ஆராதிப்பது வேறு. தேசிய கீதம் பற்றிய கேள்வியில் இது திரும்ப வரும்.

"வெள்ளைக்காரன் மதம்" என்று பள்ளியில் பிள்ளைகள் சொல்கிறார்கள். சுதந்திரப் போராட்டத்தில் நம்மவர்கள் எங்கே இருந்தார்கள் என்று என் மகன் கேட்கிறான். என்ன சொல்வது?

முதலில் உண்மையைச் சொல்லுங்கள்: மிஷன் சபைகளில் பெரும்பகுதி ஆங்கில ஆட்சிக்கு விசுவாசமாகவே இருந்தது. பள்ளி, மருத்துவமனை, சம்பளம் எல்லாம் மிஷன் வழியாக வந்தபோது ஆட்சியை எதிர்த்துப் பேச பலருக்குத் துணிவில்லை; சிலருக்கு மனமும் இல்லை. இதை மறைத்துவிட்டு நான்கு பெயர்களை மட்டும் அடுக்கினால், நாளை வரலாறு படிக்கிற பிள்ளை நம்மையே நம்பமாட்டான்.

பிறகு அந்தப் பெயர்களைச் சொல்லுங்கள். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, கொர்னேலியஸ் என்ற குடும்பப் பெயரோடு லண்டனில் கணக்கியலும் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் படித்தவர். 1929-இல் காந்தியைச் சந்தித்த பிறகு கதருக்கு மாறினார், சிறைக்குப் போனார், 1934-இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்துக்கே வாழ்நாளைக் கொடுத்தார். கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் வாழ்ந்தார். இயேசுவின் போதனைகளைப் பற்றி அவர் சிறையிலிருந்தபடியே புத்தகம் எழுதினார். அவருடைய பொருளாதாரமும் ஜெபமும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. ஜார்ஜ் ஜோசப் கேரளத்தில் பிறந்து மதுரையில் வழக்கறிஞராக இருந்தவர். 1924-இல் வைக்கம் சத்தியாகிரகத்தில் சிறை சென்றார். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட கள்ளர் சமூகத்து மக்களுக்காக வாதாடினார். அந்த மக்கள் அவரை "ரோசாப்பூ துரை" என்று அழைத்தார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌரும் கிறிஸ்தவரே, அவரும் சிறை கண்டவர்.

ஜார்ஜ் ஜோசப்பை நான் வகுப்பில் அதிகம் பேசுவதற்குக் காரணம் உண்டு. வைக்கத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கக் கூடாதென்று தடுத்த, கோயிலைச் சுற்றிய தெருவும் குற்றப் பரம்பரைச் சட்டமும் கிறிஸ்தவர்களைப் பாதித்த பிரச்சினைகள் அல்ல. அடுத்தவருடைய காரியத்துக்காக அவர் சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் போனார்.

நாம் சிறுபான்மை. அரசியல் சட்டம் நமக்குக் கொடுத்த சலுகைகளைக் காப்பாற்றிக்கொண்டால் போதாதா?

அவை சலுகைகள் என்று யார் சொன்னார்கள்? 25-ஆவது பிரிவு தரும் மனச்சாட்சிச் சுதந்திரமும், மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உள்ள உரிமையும் எல்லாருக்கும் பொது. அதுவும் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டது. 30-ஆவது பிரிவு மதம், மொழி இரண்டின் அடிப்படையிலும் சிறுபான்மையாக உள்ளவர்களுக்குக் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையைத் தருகிறது.

நம் முன்னோர் இதைவிடப் பெரிதாக யோசித்தார்கள். 1932-இல் ஆங்கில அரசு வகுப்புவாரியாகத் தனித் தொகுதிகளை (அந்தந்த வகுப்பார் மட்டுமே வாக்களித்துத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் முறை) அறிவித்தபோது, இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் தனித் தொகுதி கிடைத்தது. அதைக் கேட்டு வாங்கிய கிறிஸ்தவத் தலைவர்களும் உண்டு. ஆனால் நம் வெள்ளாளன்விளையில் பிறந்து, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியா அதை எதிர்த்தார். கிறிஸ்தவர்களை அது மற்ற மக்களிலிருந்து பிரித்து ஒதுக்கிவிடும் என்பது அவர் கவலை. அரசியல் நிர்ணய சபையின் துணைத் தலைவர் எச்.சி. முகர்ஜி கிறிஸ்தவர். சென்னையிலிருந்து சென்ற ஜெரோம் டிசூசா ஒரு சேசு சபைக் குரு. 1949 மே மாதம் மதச் சிறுபான்மையினருக்குச் சட்டமன்றத் தனி இடங்கள் வேண்டாம் என்று நிர்ணய சபை முடிவெடுத்தபோது இவர்கள் அதற்கு உடன்பட்டார்கள்.

அந்த முடிவு சரியா என்று இன்றும் விவாதிக்கலாம். ஆனால் அதற்குள் ஒரு வாக்குறுதி இருந்தது: நாங்கள் எங்களுக்காக மட்டும் பேசமாட்டோம், எல்லாரோடும் சேர்ந்து நிற்போம் என்று. அந்த வாக்குறுதியை நாம் காப்பாற்றவில்லை என்பதே என் மனக்குறை. ஆலயத்துக்கு அனுமதி கிடைக்கவில்லையென்றால் 200 பேர் கலெக்டர் அலுவலகம் போகிறோம். பக்கத்துக் குடியிருப்பில் சாக்கடை நீர் குடிநீர்க் குழாயில் கலந்தபோது நம்மில் எத்தனை பேர் போனோம்?

ரோமர் 13 தெளிவாக இருக்கிறதே. அரசு என்ன சொன்னாலும் கீழ்ப்படிய வேண்டியதுதானே?

அந்த அதிகாரம் அதிகாரியைத் "தேவஊழியக்காரன்" என்கிறது. நன்மை உண்டாவதற்காக என்றும் சேர்த்துச் சொல்கிறது. ஊழியக்காரனுக்கு எஜமான் ஒருவர் உண்டு, எல்லையும் உண்டு. எல்லை மீறியபோது எகிப்திலிருந்த எபிரெய மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் ராஜாவின் கட்டளையை மீறி ஆண்பிள்ளைகளைப் பிழைக்கவிட்டார்கள். தேவனும் அவர்களுக்கு நன்மை செய்தார் என்று வேதம் சொல்கிறது. மனுஷருக்குக் கீழ்ப்படிவதைவிட தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்று ஆலோசனைச் சங்கத்தின் முகத்துக்கு நேரே சொன்னவர் பேதுரு.

ரோமர் 13-ஐத் தனியாகப் பிய்த்தெடுத்து வாசித்ததால் வந்த கேட்டை வரலாறு காட்டியிருக்கிறது. ஜெர்மனியில் இட்லர் காலத்திலும், தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியிலும் சபைகள் இந்த வசனத்தைக் காட்டியே வாயடைக்கப்பட்டன. நம் நாட்டில் 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலை இருந்தபோதும் பல சபைகள் அமைதியாகவே இருந்தன. மார்த்தோமா சபையின் தலைமைப் பேராயர் யூகானோன் மார்த்தோமா அதை எதிர்த்துப் பிரதமருக்கே எழுதினார், இறையியலாளர் எம்.எம். தாமஸும் வெளிப்படையாக எழுதினார்.

அதற்காக, பிடிக்காத சட்டத்தையெல்லாம் மீறலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹெல்மெட் போடச் சொன்னால் போட வேண்டும். சட்டம் ஒருவரைப் பாவம் செய்யக் கட்டாயப்படுத்தினாலோ, எளியவரை நசுக்கினாலோ மட்டுமே மறுக்கலாம். அப்போதும் மறுப்பதை வெளிப்படையாகச் செய்து, விளைவையும் ஏற்க வேண்டும்.

என் வரிப்பணத்தைத் திருடுகிறார்கள். பிறகு நான் ஏன் ஒழுங்காக வரி கட்ட வேண்டும்?

இயேசு வரிக்காசைக் கையில் வாங்கி "இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது" என்று கேட்டபோது ஆட்சி செய்தவன் திபேரியு இராயன். அவன் அரசு நேர்மையானது என்று யாரும் சொல்லவில்லை. கட்டுங்கள், கட்டிவிட்டு எங்கே போயிற்று என்று கேளுங்கள். பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்று கடைக்காரர் சொல்லும்போது சரி என்கிறவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் பலம் போய்விடுகிறது.

தேசிய கீதம் பாடுவதும் கொடிக்கு வணக்கம் செய்வதும் விக்கிரகாராதனை ஆகாதா?

நம் சபைகள் அப்படிப் போதிப்பதில்லை. எனக்கும் அப்படித் தோன்றவில்லை. பெரியவர் வந்தால் எழுந்து நிற்கிறோம், அது ஆராதனை ஆவதில்லை. ஆனால் மனச்சாட்சி உறுத்துகிறவர்களைத் தேசத்துரோகி என்று சொல்லவும் யாருக்கும் உரிமை இல்லை. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், கீதம் பாடப்படும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், வாய்திறந்து பாடவில்லை. 1985-இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, எழுந்து நிற்பதே மரியாதைதான் என்று கூறி அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது.

அந்தப் பிரிவின் உபதேசத்தை நாம் ஏற்பதில்லை. ஆனால் அவர்கள் வாங்கித் தந்த தீர்ப்பின் நிழலில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் நிற்கிறார்கள்.

ஆகஸ்ட் 15 அன்று ஆலய வளாகத்தில் கொடியேற்றி, தேசத்துக்காக ஜெபித்து, மிட்டாய் கொடுக்கிறோம். இதற்கு மேல் என்ன?

நல்ல காரியம், விட்டுவிடாதீர்கள். கத்தோலிக்கச் சகோதரர்களுக்கு அன்று மாதாவின் விண்ணேற்புத் திருநாளும் சேர்ந்து வருவதால் காலையே களைகட்டிவிடும். ஆனால் அதே நாளில் உங்கள் ஊராட்சியில் கிராம சபைக் கூட்டம் நடக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 நாட்கள் அதற்கென்றே வைக்கப்பட்டிருக்கின்றன. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் உட்காரலாம், கேட்கலாம்.

ஒரு கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஊராட்சிச் செயலர் வரவு செலவை மளமளவென்று வாசிப்பார். மோட்டார் பழுதுபார்ப்பு, தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர். நூறு நாள் வேலைப் பெண்கள்தான் கூட்டத்தில் பெரும்பாதி. வாசித்து முடிப்பதற்குள் பதிவேடு கைமாறிக் கையெழுத்து வாங்கியாகிவிடும். "அந்த மோட்டார் போன வருடமும் பழுதுபார்க்கப்பட்டதே, பில்லைக் காட்டுங்கள்" என்று ஒருவர் எழுந்து கேட்டால் கூடமே திரும்பிப் பார்க்கும். அந்த ஒருவராக நம் சபையின் ஓய்வுபெற்ற ஆசிரியர்களில் ஒருவர் இருக்கக் கூடாதா? கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். மிட்டாய் கொடுத்துவிட்டு நேரே அங்கே போங்கள்.

ஜெபம் செய்தால் போதாதா? 1 தீமோத்தேயு 2 அதைத்தானே சொல்கிறது?

ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ளவர்களுக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறது, ஆமென். எரேமியா வசனத்தில் "சமாதானத்தைத் தேடி" என்பது முதலிலும் விண்ணப்பம் அடுத்தும் வருவதைக் கவனியுங்கள். முதல் பதிலில் அதைக் கொடுத்திருக்கிறேன்.

ஐயர் (போதகர்) ஆராதனையில் இன்ன கட்சிக்கு வாக்களியுங்கள் என்று சொல்லலாமா?

கூடாது. 1988-ஆம் ஆண்டின் மத நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் சட்டம், வழிபாட்டு இடத்தை அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. அந்த நிறுவனத்தின் நிதியைக் கட்சிக்குக் கொடுப்பதையும் தடுக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு இன்னும் நுட்பமானது. மதத்தின் பேரில் வாக்குக் கேட்பது முறைகேடு. வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு மற்றவரோ, இப்படி வாக்களிக்காவிட்டால் தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்பவைப்பதும் முறைகேடே. "கர்த்தர் உன்னைக் கேட்பார்" என்று பீடத்திலிருந்து பயமுறுத்துவதை 1951-லேயே சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் நீதியைப் பற்றிப் பேசலாம், பேசவும் வேண்டும். வாக்குக்குப் பணம் வாங்காதே, பொய்ச் செய்தியை அனுப்பாதே, ஏழையின் வழக்கைப் புரட்டாதே என்பதெல்லாம் பிரசங்கத்துக்கு உரிய பொருள்கள்தான்.

அப்படியானால் கிறிஸ்தவ வேட்பாளருக்குத்தான் போட வேண்டும் என்பதும் தவறா?

ஞானஸ்நானப் பெயரைப் பார்த்து மட்டும் போடுவது சோம்பேறித்தனம். வேட்பாளர்கள் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தில் சொத்தும் நிலுவை வழக்குகளும் இருக்கின்றன. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் வாசிக்கலாம். வாசித்துவிட்டு முடிவெடுங்கள். சாதி பார்த்துப் போடுவதற்கும் இதே பதில்.

பெரிய வியாழன் (புனித வெள்ளிக்கு முந்தைய நாள்) அன்று வாக்குப்பதிவு வைத்தால் என்ன செய்வது?

2019-இல் ஏப்ரல் 18 அப்படித்தான் அமைந்தது. தேதியை மாற்றச் சொல்லிக் கேட்டோம், மாறவில்லை. கேட்டது நம் உரிமை. மாறாதபோது காலையில் வாக்களித்துவிட்டு மாலையில் இராப்போஜன ஆராதனைக்கு வருவதே வழி. வந்தவர்கள் பலர் விரலில் மையோடுதான் அப்பத்தை வாங்கினார்கள். அன்று மதுரையில் சித்திரைத் திருவிழாவும் இருந்தது. அந்த ஊர் மக்களும் சிரமப்பட்டார்கள்.

காசை வாங்கிக்கொண்டு ஓட்டை நம் விருப்பப்படி போட்டால் என்ன தவறு? நம்மிடம் எடுத்த பணம்தானே திரும்பி வருகிறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். சட்டம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் ஒரே குற்றத்தில் சேர்க்கிறது. ஓராண்டு வரை சிறை உண்டு. வேதமும் அப்படியே: "பரிதானம் பார்வையுள்ளவர்களைக் குருடாக்கி, நீதிமான்களின் வார்த்தைகளைப் புரட்டும்." வாங்கிவிட்டு ஏமாற்றலாம் என்பது லஞ்சத்தோடு பொய்யையும் சேர்ப்பது.

நடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாக்காளர் பட்டியலின் நகலோடு இரண்டு பேர் வருவார்கள். வீட்டில் எத்தனை ஓட்டு என்று கேட்டு, பெயருக்கு எதிரே கோடு போட்டு, எண்ணிக் கொடுப்பார்கள். பணத்தைவிட எனக்குப் பயம் தருவது அந்தக் கோடுதான். ஐந்து ஆண்டுக்குப் பிறகு ரோடு ஏன் போடவில்லை என்று கேட்கப் போனால், உங்கள் கணக்கு அன்றே தீர்ந்துவிட்டது என்பார்கள். கிராம சபையில் எழுந்து பில் கேட்கச் சொன்னேன் அல்லவா? கோடு விழுந்த வீட்டுக்காரருக்கு எழுந்திருக்கவே மனம் வராது.

கூலி வேலை இல்லாத வாரத்தில் ஒரு தாய் அதை வாங்கினால் நான் அவரைச் சபையில் நிறுத்திக் கேள்வி கேட்கமாட்டேன். பங்களா வீட்டு விசுவாசி வாங்குவதைத்தான் கேட்பேன். அந்தத் தாயின் வீட்டு அரிசிப் பானையைத் தேர்தல் இல்லாத மாதத்தில் சபை விசாரித்ததா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

சான்றிதழில் இந்து, சபைப் பதிவேட்டில் கிறிஸ்தவன். நான் பாவத்தில் வாழ்கிறேனா?

இந்தக் கேள்வியை எப்போதும் தனியாக வந்துதான் கேட்கிறார்கள். பின்னணியை முதலில் சொல்கிறேன். 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். இதனால் பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதியில் நிற்க முடியாது; வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடைக்காது. ஞானஸ்நானம் வாங்கினாலும் தெருவில் அவரை நடத்துகிற விதம் மாறுவதில்லை. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்தத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமோ, கிறிஸ்தவ விசுவாசத்தைப் பின்பற்றிக்கொண்டே இட ஒதுக்கீட்டுக்காக இந்து என்று கோருவது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று தீர்ப்பளித்தது. ஆகவே சட்டச் சிக்கல் உண்மையானது; வேலை போகும் அபாயமும் உண்டு.

என் மனச்சாட்சிப்படி, உண்மைக்கு மாறாக எழுதிக் கையெழுத்திடுவது சிறிய காரியம் அல்ல. அதே மனச்சாட்சி இன்னொன்றையும் சொல்கிறது. இந்தக் கேள்வி கேட்பவர்களை இந்த இக்கட்டில் தள்ளியதில் ஆணைக்கும் பங்கு உண்டு, சபைக்கும் பங்கு உண்டு. சில ஊர்களில் கல்லறைத் தோட்டமே சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. அந்தச் சபையில் முன்வரிசையில் இருக்கிற, எதையும் இழக்காத ஒருவர் "விசுவாசத்தை மறுதலித்துவிட்டான்" என்று தீர்ப்புச் சொல்ல எனக்குச் சம்மதம் இல்லை.

ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறோம். அன்று கூடுகிறவர்கள் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்களே. ஐந்து நாள் கழித்துக் கொடியேற்றத்துக்குத் திரள்கிற எல்லாரும் அங்கேயும் வர வேண்டும். ஜார்ஜ் ஜோசப்பைப் பற்றி மேலே எழுதியதை இங்கே ஒருமுறை திரும்ப வாசிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

சபைத் தேர்தலிலேயே பணமும் சாதியும் விளையாடுகின்றன. நாட்டைத் திருத்த நமக்கு என்ன தகுதி?

கேட்ட வாலிபர் கோபத்தோடு கேட்டார். அந்தக் கோபம் நியாயமானது. சபையும் திருமண்டலமும் (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின் நிர்வாகம்) நம் கையில் முழுமையாக இருக்கிற ஆட்சி. அங்கே யாரும் நம்மைச் சிறுபான்மை என்று ஒதுக்கவில்லை. அங்கே அணி பிரிந்து, விருந்து வைத்து, வழக்குப் போட்டு நிற்கிறோம் என்றால் வெளியே போய் நேர்மையைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுக்கத்தான் செய்யும்.

ஆனால் உள்ளே முழுவதும் சுத்தமான பிறகுதான் வெளியே போவோம் என்று காத்திருந்தால் இரண்டும் நடக்காது. இரண்டையும் ஒரே வேலையாகச் செய்யலாம். அடுத்த சபைக் கூட்டத்தில் வருடாந்தரக் கணக்கை அச்சிட்டு எல்லாருக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். வாக்காளர் பட்டியலைத் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பே ஆலய வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து கவர் நீட்டுகிறவரை, அவர் மாமாவே ஆனாலும், கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்புங்கள். அந்த வாலிபரும் அவர் நண்பர்கள் சிலரும் கணக்குக் கேட்டு எழுதிய கடிதத்தில் இப்போது கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். நானும் போட்டிருக்கிறேன்.